ஆச்சி வீட்டு வெளிச்சம்: பத்தமடைப் பாயில் ஒரு விளக்கு செய்வது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆச்சியின் குத்துவிளக்கில் துளை போடாதீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன், மூன்று தலைமுறை துலக்கித் துலக்கித் தேய்ந்த பித்தளை விளக்கின் தண்டுக்குள் டிரில் விட்டு, ஒயரை இழுத்து, உச்சியில் இருந்த அன்னத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பல்பு மாட்டியிருந்தார்கள். பாட்டி நினைவாக எரியட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த விளக்கில் இனி எண்ணெய் ஊற்ற முடியாது, ஊற்றினால் தண்டு வழியாக ஒழுகிவிடும். கார்த்திகைக்கு அதை ஏற்ற முடியாது. எனக்கு அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை.

முன்னோர் நினைவாக அலங்கார விளக்கு செய்ய ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானும் ஒருவன். நான் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டது இதுதான்: பழைய பொருளில் கை வைக்க வேண்டாம், அதிலிருந்து அளவை மட்டும் எடுங்கள். கோடுகளுக்கு நடுவே எத்தனை விரல் இடைவெளி, தண்டு எந்த இடத்தில் பருத்து எந்த இடத்தில் ஒடுங்குகிறது, வெளிச்சம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது. இந்த மூன்று அளவும் சரியாக வந்துவிட்டால் விளக்கைப் பார்க்கிறவர்கள் தானாகவே "இது நம்ம ஆச்சி வீட்டுல இருந்த மாதிரி இருக்கே" என்று சொல்லுவார்கள். கோபுரப் படமும் மயில் படமும் ஒட்டத் தேவையே வராது.

நான் செய்தது ஒரு மேசை விளக்கு. பல்பைச் சுற்றி நிற்கிற கூண்டுக்குப் பத்தமடைக் கோரைப்பாய், காலுக்குக் கடைசல் மரம், கட்டுவதற்குப் பனைநார். எல்லாமே தாமிரபரணிக் கரையிலும் அதற்குச் சற்றுத் தள்ளியும் கிடைக்கிற பொருள்கள். செய்து முடிக்க எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது, பாய் நெய்து வருவதற்குக் காத்திருந்த நாளைச் சேர்க்காமல்.

அளவு எடுப்பது

உங்கள் வீட்டில், அல்லது இன்னும் நின்றுகொண்டிருக்கிற ஊர் வீட்டில் ஒரு நாள் சும்மா உட்காருங்கள். முன்கட்டான தார்சா, கூடமான பட்டாசல், உள்ளறையான அரங்குவீடு, அடுப்படி என்று ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து, முன்பு விளக்கு எங்கே இருந்தது என்று வயசானவர்களிடம் கேளுங்கள். யார் ஏற்றுவார்கள், என்ன எண்ணெய், அமர்த்தும்போது என்ன செய்வார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெய் பற்றிக் கேட்டால் பேச்சு நீளும், தயாராகப் போங்கள். நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய், கடற்கரைப் பக்கம் என்றால் புன்னை எண்ணெய் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்லுவார்கள். ஆமணக்கு எண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்று பெயர் வந்ததே அது விளக்கில் எரிந்ததால்தான், இன்றைக்கு நாம் அதை மருந்துக் கடையில்தான் பார்க்கிறோம்.

என் பெரியம்மையிடம் கேட்டபோது அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் என் விளக்கின் உயரத்தை முடிவு செய்தது. "அப்பெல்லாம் வெளக்கு பொறையில இருந்துச்சு, உக்காந்தா ஆளு மொகம் தெரியும். இப்ப உச்சியில போடுதியளே, மண்டைதான் தெரியுது." சுவரில் குடைந்த மாடக்குழியைத்தான் எங்கள் பக்கம் பிறை என்போம். அவள் சொன்னது முற்றிலும் உண்மை. உத்தரத்திலிருந்து வருகிற வெளிச்சம் கண்ணுக்குக் கீழேயும் மூக்குக்குக் கீழேயும் நிழலைப் போட்டுவிடுகிறது. முகத்துக்கு நேராக அல்லது சற்றுக் கீழிருந்து வருகிற வெளிச்சத்தில்தான் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மலர்ந்து தெரியும்.

ஆகவே முதல் அளவு உயரம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து உங்கள் கண் வரைக்கும் டேப் வைத்து அளந்து பாருங்கள், பெரும்பாலும் 28 முதல் 31 அங்குலத்துக்குள் வரும். பல்பின் நடுப்பகுதி அதைவிட நாலைந்து அங்குலம் தாழ்ந்து இருக்க வேண்டும். என் விளக்கின் மொத்த உயரம் 20 அங்குலம், பல்பு அதில் 13 அங்குலத்தில் வருகிறது, அதை ஓர் அடி உயர முக்காலியில் வைத்தால் 25 அங்குலம். கணக்கு சரியாக வந்துவிட்டது. உங்கள் வீட்டில் எல்லோரும் நாற்காலியில்தான் உட்காருவார்கள் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து அளந்துகொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

இரண்டாவது அளவு பாயிலிருந்து வருகிறது. ஆச்சி கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் ஒன்று எங்கள் வீட்டில் சுருட்டி வைத்திருக்கிறது. மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் நெய்து கொடுக்கிற வழக்கம் அங்கே இன்றும் உண்டு, இதிலும் தாத்தா பெயர் ஓரிடத்தில், ஆச்சி பெயர் ஓரிடத்தில் இருக்கிறது. சிவப்பு மங்கி செங்கல் நிறமாகிவிட்டது, ஒரு மூலையில் நூல் விட்டுப்போய்க் கோரை உதிர்கிறது. அதை வெட்டிக் கூண்டு செய்யலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்யவே மாட்டேன். அதற்குப் பதிலாகப் பாயைத் தரையில் விரித்து, அதன் கோடுகளின் மேல் ஒரு நீளமான காகிதப் பட்டையை வைத்து, ஒவ்வொரு கோடும் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் பென்சிலால் குறித்துக்கொண்டேன். இரண்டு விரல் சிவப்பு, அரை விரல் கறுப்பு, ஒரு விரல் வெறும் கோரை, மறுபடியும் அரை விரல் கறுப்பு, அப்புறம் நாலு விரல் அகலத்துக்கு வெறுமனே கோரையின் இயற்கை நிறம். இந்தக் காகிதப் பட்டைதான் என் விளக்கின் வடிவமைப்பு. கணினியில் வரைந்ததெல்லாம் அப்புறம்தான்.

உங்கள் வீட்டில் பாய் இல்லாமல் இருக்கலாம். சேலைக் கரை இருக்கும், ஓலைப்பெட்டியின் பின்னல் இருக்கும், வாசல்படியில் செதுக்கிய பூ வரிசை இருக்கும், எதுவானாலும் காகிதப் பட்டையை வைத்துக் குறித்தால் உங்கள் கையில் ஒரு தாளம் வந்துவிடும்.

மூன்றாவது, தண்டின் வளைவு. குத்துவிளக்கை ஒரு வெள்ளைச் சுவருக்கு அருகில் வையுங்கள், சுவரில் ஒரு தாளை ஒட்டுங்கள், எட்டு பத்து அடி தள்ளி விளக்கின் நடு உயரத்துக்கு நேராக ஒரு டார்ச்சை வையுங்கள். நிழல் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே விழும். டார்ச்சை அருகில் கொண்டுவந்தால் நிழல் பெருத்துவிடும், அதனால் தள்ளியே வையுங்கள். பென்சிலால் ஓரத்தை வரைந்துகொண்டு, இடது பாதியை மட்டும் வெட்டி எடுங்கள். குத்துவிளக்கில் பீடம், தண்டு, தட்டு, உச்சி என்று நாலு பகுதி இருக்கும். இதில் பீடத்தின் சரிவும் தண்டு பருத்து ஒடுங்குகிற கண்டங்களும் மட்டும் நமக்குப் போதும். தண்டில் பத்துப் பன்னிரண்டு வளையம் இருந்தாலும் மரத்தில் மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். பித்தளையில் மின்னுகிற நுணுக்கம் மரத்தில் கூட்டமாகத் தெரியும், தூசியும் அடையும்.

பாய் வாங்குவது, அல்லது நெய்யச் சொல்வது

கடையில் ஒரு பாய் வாங்கி வெட்டுவது எளிது. ஆனால் முடிந்தால் சேரன்மகாதேவி போகிற வழியில் பத்தமடைக்கே போய் நெய்கிறவர்களிடம் அளவு சொல்லி வாங்குங்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக நெய்து வருகிறவர்கள் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள், அதிலும் பெண்கள்தான் தறியில் அதிகம். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, மிக நுணுக்கமாக நெய்கிற பட்டுப்பாய்க்கு என்றால் நாள் கணக்கில் ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறின கோரையை மறுபடியும் தலைமுடி போலக் கீறி, அப்புறம்தான் தறிக்கு வரும். நீளவாட்டில் ஓடுகிற பாவு பருத்தி நூல், குறுக்கே ஓடுகிற ஊடை கோரை. நல்ல பட்டுப்பாயை வேட்டி போல மடித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு மெல்லிசு. புவிசார் குறியீடும் இந்தப் பாய்க்கு உண்டு.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். விளக்குக்கு மிக நெருக்கமான பட்டுப்பாய் வேண்டாம். நான் முதலில் அதைத்தான் கேட்டேன், உயர்ந்தது என்பதால். நெய்கிற அம்மா சிரித்துக்கொண்டே, "தம்பி, வெளக்குக்குன்னா இப்படி அடிச்சு நெருக்கி நெய்யக் கூடாது, வெளிச்சம் எந்த வழியா வெளிய வரும்?" என்று கேட்டார்கள். பிறகு கொஞ்சம் இளக்கமாக நெய்த ஒரு துண்டை எடுத்து வாசல் வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்கள். கீறின கோரை வெயிலில் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது, இடையிடையே ஊசி முனை போல வெள்ளைப் புள்ளிகள். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். நீங்களும் போகும்போது கைப்பேசி டார்ச்சைப் பாயின் பின்னால் பிடித்துப் பாருங்கள், வெளியே பார்த்தால் அழகாக இருக்கிற பாய் உள்ளே வெளிச்சம் வந்ததும் முற்றிலும் வேறாகத் தெரியும். சாயமிட்ட கோரையும் அப்படித்தான். கறுப்பும் கரும்பச்சையும் வெளிச்சத்தை மறித்து நிழல் கோடாக நிற்கும், சிவப்பு உள்ளிருந்து கனிந்து தெரியும், மஞ்சள் சாயம் இயற்கைக் கோரையோடு கலந்து காணாமல் போய்விடும். அதனால் மஞ்சளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அளவு: கூண்டின் விட்டம் 8 அங்குலம் என்றால் சுற்றளவு 25 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும், ஒன்றன் மேல் ஒன்று படிய ஓர் அங்குலம் கூட்டி 26. உயரம் 11 அங்குலம். இதில் எந்தப் பக்கம் கோரை ஓட வேண்டும் என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பாயை நாம் எப்படிச் சுருட்டுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள், கோரை நீட்டமாக நிற்க, நூல்தான் வளையும். கூண்டிலும் அதேதான். கோரை செங்குத்தாக நிற்க வேண்டும், நூல் கூண்டைச் சுற்றி ஓட வேண்டும். மாற்றிப் பிடித்து வளைத்தால் கோரை ஒவ்வோர் இடமாக முறிந்து, பட்டைப் பட்டையாக மடிந்து நிற்கும். ஆகவே நெய்கிறவர்களிடம் "கோரை 11 அங்குலம், நீளம் 26 அங்குலம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இப்படி நெய்தால் நிறக் கோடுகளும் கூண்டில் செங்குத்தாக, தூண் வரிசை போல நிற்கும். காகிதப் பட்டையைக் கையில் கொடுத்துவிடுங்கள், அதைப் பார்த்தே நெய்துவிடுவார்கள். விலை பேசும்போது இரக்கமில்லாமல் குறைத்துக் கேட்காதீர்கள், அந்தக் கோரையைக் கீறுகிற வேலையை அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்களென்றால் குறைத்துக் கேட்க வாய் வராது.

கடைப் பாயை வெட்டித்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் வெட்டுகிற கோட்டின் இரண்டு பக்கமும் முதலில் தையல் மிஷினில் இரண்டு ஓட்டுத் தையல் போட்டுவிட்டுப் பிறகு நடுவில் வெட்டுங்கள். வெட்டிவிட்டுத் தைக்கலாம் என்று நினைத்தால் நூல் உருவி, கோரை ஒவ்வொன்றாகக் கையோடு வரும். எப்படி வாங்கினாலும் மேலும் கீழும் ஓர் அங்குல அகலப் பருத்தி நாடாவை மடித்து வைத்துத் தைத்துவிட வேண்டும். பாய்க்கு ஓரத்தில் துணி வைத்துத் தைப்பார்களே, அதேதான். நான் ஆச்சியின் பழைய சுங்குடிச் சேலையில் கிழிந்துபோன முந்தானை ஓரத்திலிருந்து நாடா எடுத்தேன். கிழிந்ததைத்தான் எடுத்தேன், நல்ல சேலையில் கத்தரி வைக்கவில்லை.

கால்

அம்பாசமுத்திரம் மரச்சொப்புக்குப் பேர்போன ஊர், அந்தப் பக்கத்துக் கடைசல் பட்டறைகளில் உங்கள் காகித வளைவைக் கொடுத்தால் கடைந்து தருவார்கள். மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள், உராய்கிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிந்துவிடும். அந்தச் சிவப்பும் பச்சையும் பெயிண்ட் போல மேலே ஒட்டி நிற்காமல் மரத்தோடு ஒன்றாகிப்போன மாதிரி இருக்கும். நான் கால் முழுக்க மரத்தின் நிறத்தையே விட்டு, மூன்று வளையத்துக்கு மட்டும் சிவப்பு அரக்குப் போடச் சொன்னேன். கூண்டில் ஏற்கெனவே கோடுகள் இருக்கின்றன, காலிலும் நிறத்தை வாரி இறைத்தால் கண் எங்கே நிற்கும்?

மரம் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் கடையும்போது வழுவழுவென்று வரும், ஆறு மாதத்தில் மேலிருந்து கீழ்வரை வெடித்துவிடும். பழைய வீடு இடித்த மரம் கிடைத்தால் அதைவிட நல்லது கிடையாது. உடைந்த நார்க்கட்டிலின் கடைசல் கால் ஒன்று பரணில் கிடந்தால் அதையே தண்டாக வைக்கலாம், அது ஏற்கெனவே உங்கள் வீட்டு வளைவு. நல்ல நிலையில் இருக்கிற கட்டிலின் காலை மட்டும் எடுக்காதீர்கள்.

தண்டின் உயரம் 9 அங்குலம், அடிப்பீடத்தின் விட்டம் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எங்கள் ஊரில் ஆனி, ஆடிக் காற்று என்று ஒன்று இருக்கிறது, தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் இடம் மாறும். பாய்க் கூண்டு காற்றை நன்றாகப் பிடிக்கும். அதனால் பீடத்தின் அடியில் வட்டமாகக் குடைந்து, அரை அங்குலக் கனத்தில் ஓர் இரும்புத் தகட்டைப் பதித்து திருகாணி போடுங்கள். கீழே ஃபெல்ட் துணி ஒட்டினால் தரையும் கீறாது. ஒயர் போக மேலிருந்து கீழ்வரை 10 மில்லிமீட்டர் துளை வேண்டும், இதைக் கடைகிறவரிடமே போடச் சொல்லிவிடுங்கள், வீட்டில் டிரில்லை வைத்து 9 அங்குலம் நேராக இறக்குவது கஷ்டம். பீடத்தின் பின்பக்கம் ஒயர் வெளியே வர ஒரு பள்ளமும் வேண்டும், இல்லையென்றால் ஒயர் மேல் விளக்கு உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கும்.

கூண்டு கட்டுவது

நாலு மில்லிமீட்டர் கம்பியில் 8 அங்குல விட்டத்துக்கு இரண்டு வளையம், அவற்றை இணைக்க 11 அங்குலத்தில் நாலு கம்பி. கீழ் வளையத்திலிருந்து மூன்று கைகள் நடுவுக்கு வந்து ஒரு சிறிய வளையத்தில் சேர வேண்டும், அந்தச் சிறிய வளையம்தான் பல்பு ஹோல்டரின் கழுத்தில் உட்காரும். வெல்டிங் பட்டறைக்குப் போகும்போது ஹோல்டரைக் கையோடு கொண்டுபோய் அதை வைத்தே அளவு எடுக்கச் சொல்லுங்கள். வெல்டிங் ஆன பிறகு பிசிறுகளை அரம் வைத்துத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே ஒரு பூச்சு பெயிண்ட் கொடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் ஐப்பசி மழையில் துரு ஏறி, பாயில் காவி நிறக் கறை இறங்கிவிடும். என் முதல் கூண்டு அப்படித்தான் வீணானது. கறை படிந்த கோரையை எந்த சோப்பாலும் மீட்க முடியவில்லை.

பெயிண்ட் நன்றாகக் காய்ந்ததும் இரண்டு வளையத்தையும் பனைநாரால் நெருக்கமாகச் சுற்றுங்கள். நார் என்பது பனை மட்டையிலிருந்து உரிப்பது, நார்ப்பெட்டி பின்னுகிறவர்களிடம் கேட்டால் ஒரு கட்டு தருவார்கள். முதல் நாள் இரவே தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஊறின நார் கைக்கு இசைந்து வளையும், காயும்போது இறுகிக்கொள்ளும். நார்க்கட்டில் பல வருஷம் தாங்குவதும் இப்படித்தான். சுற்றி முடித்து ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும். ஈரத்தோடு பாயை வைத்துத் தைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம் தையல். மெழுகு தேய்த்த கனத்த பருத்தி நூல், கோணி ஊசி. பாயின் மேல் ஓரத்து நாடாவை மேல் வளையத்தின் நாரோடு சேர்த்து அரை அங்குலத்துக்கு ஒரு தையலாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். கோரையைக் குத்தாதீர்கள், நாடாவையும் நாரையும் மட்டும் பிடித்தால் போதும். பாய் ஒன்றன் மேல் ஒன்று படிகிற இடம் சரியாக ஒரு செங்குத்துக் கம்பியின் மேல் வரும்படி தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடம் எப்படியும் நிழலாகத்தான் தெரியும், கம்பியின் நிழலும் அதுவும் ஒன்றாகிவிட்டால் உறுத்தாது. விளக்கை வைக்கும்போது அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பிவிடலாம். மேல் வளையம் முடிந்ததும் கூண்டைத் தலைகீழாக வைத்து, பாயை மெதுவாக இழுத்து, கீழ் வளையத்தைத் தையுங்கள். முறுக்கு விழாமல் இருக்க எதிரெதிர் இடங்களில் நாலு தையல் முதலில் போட்டுவிட்டு இடைவெளிகளை நிரப்புங்கள்.

வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒரு துண்டில் அடித்துப் பார்த்தேன், கோரை அங்கங்கே கறுத்துத் திட்டுத் திட்டாகிவிட்டது, வெளிச்சத்தில் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மேலும் வார்னிஷ் நன்றாக எரியக்கூடிய பொருள். கோரையின் மேல் அதையும் பூசி உள்ளே பல்பு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மின்சாரம்

கோரை, நார், ஓலை எல்லாமே காய்ந்த புல் மாதிரிதான். ஆகவே இந்தக் கூண்டுக்குள் அகல் விளக்கோ மெழுகுவர்த்தியோ ஒருபோதும் வைக்காதீர்கள், படம் எடுக்க ஒரு நிமிஷத்துக்குக் கூட வேண்டாம். பழைய குண்டு பல்பும் வேண்டாம், அது வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் விடுகிறது. எல்.இ.டி. பல்பு, 3 முதல் 5 வாட் வரை, பால் நிறக் கண்ணாடி மூடியது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்லுவார்கள், பெட்டியில் 2700 கே என்று போட்டிருப்பதைத் தேடி எடுங்கள். எண்ணெய்த் திரியின் சுடர் 2000 கே பக்கத்தில் இருக்கும், கடையில் எளிதாகக் கிடைப்பதில் அதற்கு அருகில் வருவது 2700 தான். 6500 கே வெள்ளை பல்பை இந்தப் பாய்க்குள் போட்டீர்களென்றால் தேன் நிறம் எல்லாம் போய் வெளுத்துக் காய்ந்த வைக்கோல் மாதிரி ஆகிவிடும், இத்தனை வேலையும் வீண்.

பல்புக்கும் பாய்க்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 2 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். 8 அங்குலக் கூண்டில் நடுவே வைத்தால் தாராளமாகவே கிடைக்கும். கூண்டின் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் மூடாதீர்கள், எல்.இ.டி. பல்பின் கழுத்துப் பகுதி சூடாகும், காற்று ஓட வேண்டும்.

உள்ளே இரும்புக் கூண்டு இருப்பதால் மூன்று இழை ஒயர் வாங்கி, பச்சை இழையைக் கம்பிக் கூண்டோடு திருகாணி போட்டு இணைத்து, மூன்று பின் பிளக்கில் முடிக்க வேண்டும். ஒயரில் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு சுவிட்ச். துளை வழியாக வருகிற இடத்தில் ஒயர் மரத்தில் உராயாமல் ஒரு ரப்பர் வளையம். ஹோல்டருக்கு உள்ளே ஒரு முடிச்சு, யாராவது ஒயரை இழுத்தாலும் இணைப்பு பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க. இதில் எதுவும் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் தெருவில் இருக்கிற எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூப்பிடுங்கள், அரை மணி நேர வேலைதான். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் 230 வோல்ட்டே வேண்டாம், கைப்பேசி சார்ஜரில் எரிகிற 5 வோல்ட் யு.எஸ்.பி. பல்பு போட்டுக்கொள்ளுங்கள், வெளிச்சம் சற்றுக் குறையும், மனசு நிம்மதியாக இருக்கும்.

முதல் தடவை எரியவிடும்போது இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து, அவ்வப்போது பாயின் மேல் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் தெரிந்தால் வாட்டைக் குறைக்க வேண்டும்.

மண்ணில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு

பாய் வேலை வேண்டாம், மண்தான் பிடிக்கும் என்கிறவர்களுக்குக் காருகுறிச்சி இருக்கிறது. நாதஸ்வரத்தால் பேர்பெற்ற ஊர் என்றுதான் பலருக்குத் தெரியும், மண்பாண்டத்துக்கும் அது பேர்பெற்றது. அடி இல்லாத ஒரு பானையைக் கவிழ்த்தால் கூண்டு தயார். துளைகளை மட்டும் பானை பாதி காய்ந்து தோல் பதத்தில் இருக்கும்போதே, சூளைக்குப் போவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும். சுட்ட பானையில் டிரில் வைத்தால் விரிசல் விடலாம். துளைகளைச் சுவரில் எந்த உயரத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று பார்த்து வையுங்கள், கீழ்ப்பாதியில் சிறியதாகவும் மேலே போகப் போகப் பெரியதாகவும் வைத்தால் உத்தரம் வரை வெளிச்சப் பூ விரியும்.

தாமிரபரணிக் கரையில் பழங்கால ஈமக்காடு இருக்கிற ஆதிச்சநல்லூரில் கிடைத்த பானைகளைப் பார்த்து, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டத் தொடங்கி, 1899 முதல் அலெக்சாண்டர் ரியா விரிவாகத் தோண்டிய அந்தப் பரம்பில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகள் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாதவை, ஆனால் விளக்குக்கு அந்த முறை ஒத்துவராது, உள்ளே இருக்கிற கறுப்பு வெளிச்சத்தை எல்லாம் குடித்துவிடும். வேண்டுமானால் வெளியே கறுப்பு, உள்ளே சுண்ணாம்பு அடித்த வெள்ளை என்று மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்த தாழியின் வடிவத்தையே சிறியதாக்கி வரவேற்பறை விளக்காகச் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது இறந்தவர்களின் எலும்பைப் பொதிந்து மண்ணுக்குள் வைத்த பாத்திரம், அதற்கு உரிய மரியாதை வேறு. வெண்கல மூடிகளின் உச்சியில் பறவையும் விலங்கும் வைத்திருக்கிறார்களே, அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம், குத்துவிளக்கின் அன்னத்துக்கு அது தூரத்துச் சொந்தம் மாதிரி எனக்குத் தோன்றும்.

வைத்துப் பேணுவது

சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். வெள்ளைச் சுவராக இருந்தால் கோடுகளின் நிழல் மெல்லியதாக விழும், அதற்காகவே நான் பட்டாசலில் ஒரு மூலைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். இந்த விளக்கு எரியும்போது உத்தரத்து டியூப் லைட்டை அமர்த்திவிடுங்கள், இரண்டும் சேர்ந்து எரிந்தால் இது இருப்பதே தெரியாது.

தூசிக்கு வாரம் ஒரு முறை காய்ந்த துணி, அல்லது மேசைத் தூரிகை. ஈரத்துணி வேண்டாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கோரை ஈரத்தை இழுத்துக்கொண்டு லேசாக வாடை அடிக்கும், மழை விட்ட ஒரு நாள் காலையில் கூண்டை மட்டும் கழற்றி அரை மணி நேரம் இளவெயிலில் வைத்து எடுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் சிவப்புச் சாயம் ஒரே வருஷத்தில் மங்கிவிடும்.

பாய் நெய்யச் சொல்லும்போதே அதே அளவில், அதே கோட்டில் இன்னொரு துண்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதே ஆள், அதே கோரை, அதே சாயம் பின்னால் கிடைக்காது. அந்தத் துண்டை மடிக்காமல், கோரை நீட்டமாக இருக்கச் சுருட்டி, பருத்தித் துணியில் பொதிந்து, உள்ளே கொஞ்சம் காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். காகிதப் பட்டையையும் தண்டின் நிழல் வெட்டையும் அதற்குள்ளேயே செருகிவிட்டு, பாய் எந்த ஊர், நெய்தவர் யார், மரம் எந்த வீட்டு மரம், எந்த வருஷம் என்று பீடத்தின் அடியில் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை பரவிவிடும்.